சாமி எண்ணெய் குடித்த த்ரீவீல்

“உனக்கு எதுக்குடி அந்தக் கதையெல்லாம்? இந்த லயத்துக்கு வாழ வந்து இன்னும் கையில மருதாணி அழியல, அதுக்குள்ள என் கட்டிலுக்கு அடியில என்ன இருக்குன்னு தெரியணுமா? போ, போயி தண்ணியப் புடி. குடம் வழியுது பாரு.”

லயத்துக்காரர்கள் தண்ணீர் பிடிக்கிற பீலியடியில் வைத்து அந்தப் பெண்ணை இப்படித்தான் விரட்டினேன். பக்கத்துக் காம்பரா வீட்டுக்குக் கல்யாணமாகி வந்தவள். அவள் கேட்டதில் ஒரு தப்பும் இல்லை. என் கட்டிலுக்கு அடியில் ஒரு தகரப் பெட்டி இருக்கிறது. பெட்டிக்குப் பூட்டு. சாவி என் இடுப்பில். உள்ளே என்னவோ தங்கச் சங்கிலி கிடக்கிறது என்று அவள் நினைத்திருப்பாள். கிடப்பது என் மகனுடைய த்ரீவீலுக்கு ஊற்றுகிற ஒயில் போத்தல். பெட்டியை ஏன் பூட்டி வைத்திருக்கிறேன் என்று கேட்டாள். பீலியடியில் தண்ணீரைவிடக் காது அதிகம். அங்கே சொல்லக்கூடிய கதை வேறு, நடந்த கதை வேறு. நடந்ததை இங்கே சொல்லிவிடுகிறேன்.

எங்கள் லயம், வரிசையாக ஒட்டிக் கட்டிய காம்பராக்கள், எல்கடுவப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தின் கீழ் டிவிஷனில் இருக்கிறது. மாத்தளைக்குப் போக வேண்டுமென்றால் முதலில் ஏறிப் பெரிய ரோட்டைப் பிடிக்க வேண்டும். அதன் பிறகு இறக்கம்தான். அந்த ஏற்றத்தின் நடுவில் ஒரு வளைவு. ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் பள்ளம். பள்ளத்தின் அடியில் ஆறு போகிற சத்தம் கேட்கும், ஆறு கண்ணுக்குத் தெரியாது. பாறையோரம் முனி இருக்கிறார். கூரை கிடையாது. ஒரு சூலம், ஒரு தகர விளக்கு, தேங்காய் உடைக்க ஒரு கல். அவ்வளவுதான் அவர் சொத்து.

நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது கொழுந்து லொறி ஒன்று அந்த இடத்தில் பள்ளத்துக்குள் போனது. அதிலிருந்து எந்த வண்டியும் அங்கே நிற்காமல் போகாது. டிரைவர் இறங்கி, விளக்கு எண்ணெயை விரல் நுனியால் தொட்டு, வண்டியில் ஒரு பொட்டு வைத்துவிட்டுப் போவான். விரல் நுனி எண்ணெய்தான் வழக்கம். அதற்கு மேல் முனி கேட்டதாக நான் கேள்விப்பட்டதில்லை.

என் மகனுடைய த்ரீவீல் பழைய டூ ஸ்ட்ரோக். அதற்குப் பெட்ரோலோடு டூ-டீ ஒயில் கலந்து ஊற்ற வேண்டும். மகன் ஒயிலை வெள்ளைக் கேன் ஒன்றில் வாசல் இஸ்தோப்பில் வைத்திருப்பான். லயத்தில் புல் வெட்டுகிற மெஷின் வைத்திருப்பவர்கள் வீட்டிலும் அதே மாதிரி ஒரு கேன் இருக்கும். அது யாரும் திருடாத சாமான். அதனால் யாரும் அதைத் திரும்பிப் பார்ப்பதும் இல்லை.

மருமகள் ரிவர்ஸ்டன் மலைப் பக்கத்துப் பிள்ளை. முதல் பிரசவத்துக்கு வழக்கப்படி தாய்வீட்டுக்குப் போனாள். வலி வந்த அன்று அங்கே அடைமழை. ரோட்டில் மண் சரிந்து கிடந்தது. வண்டி வரவில்லை. பிள்ளை தங்கவில்லை. திரும்பி வந்தவள் வெகுநாள் யாரோடும் பேசவில்லை. நான் சொல்கிற கோணங்கிக் கதைக்குக்கூடச் சிரிக்கவில்லை. என் கதைக்குச் சிரிக்காதவர்களைக் கண்டால் எனக்குப் பயம்.

அதனால் இரண்டாம் தடவை வழக்கத்தை மாற்றினோம். பிள்ளைத்தாய்ச்சி எங்களோடு இருக்கட்டும், வாசலில் வண்டி நிற்கிறது, ஓட்டப் புருஷன் இருக்கிறான், மாத்தளை ஆஸ்பத்திரி கிட்ட என்று சொல்லிச் சம்பந்தியம்மாவை இங்கே வரவழைத்தோம். அவரும் ஒரு பையையும் ஒரு சாமிப் படத்தையும் தூக்கிக்கொண்டு வந்து இறங்கினார். வந்த அன்றே முனிக்கு விளக்குப் போட்டார். பிறகு ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் போட்டார். கொழுந்து மலையில் நான் முதுகொடிந்து வரும்போது அவர் விபூதியோடு எதிரே வருவார்.

“என்னா சம்பந்தி, முனி சுகமா? என்னையக் கேட்டாரா?” என்பேன்.

“வாயக் கழுவுங்க சம்பந்தி. சாமியோட வெளையாடாதீங்க,” என்பார்.

கொஞ்ச நாளில் வண்டியின் வாசம் மாறியது. டூ ஸ்ட்ரோக் வண்டிப் புகைக்கு ஒரு வாசம் உண்டு, அது எனக்குப் பழக்கம். இது வேறு மாதிரி இருந்தது. மகன் வண்டியை உதைத்து எடுத்தால் இஸ்தோப்பு முழுக்கக் கோயில் மாதிரி மணக்கும். அதற்குள்ளே யாரோ வடை சுட்டுக் கருக்கிவிட்ட மாதிரி இன்னொரு வாசம். புகை வெள்ளையாக வந்து, போக மனமில்லாமல் லயத்துக் கூரையோரம் நின்றது. பனி இறங்குகிற நேரத்தில் எது பனி, எது வண்டிப் புகை என்று தெரியவில்லை.

பிறகு வண்டியின் குரல் மாறியது. ஏற்றத்தில் தொண்டை அடைத்தவன் மாதிரி இழுத்தது. ஒரு நாள் முனி வளைவில் நின்று பொட்டு வைத்துவிட்டு மகன் எடுத்தபோது வண்டி அணைந்தது. உதைத்தான், பிடித்தது, போய்விட்டான். இன்னொரு நாளும் அதே இடம். பிறகு எல்லா நாளும் அதே இடம்.

பீலியடி சும்மா இருக்குமா?

“வண்டியில முனி ஏறிக்கிச்சு. பொகையே விளக்கு வாசம் அடிக்குதே.”

“உசிரு கேக்குதோ என்னமோ. வீட்ல வேற வயித்துப் புள்ளக்காரி இருக்கா.”

“முனிக்கு ஏறணும்னா நல்ல வண்டியா பாத்து ஏறாதா?” என்று நான் சொன்னேன். “இந்த ஓட்டத் தகரத்துல ஏறி அவருக்கும் இடுப்பு வலிக்கணுமா?”

எல்லோரும் சிரித்தார்கள். குடம் நிறையும் முன்பே தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு வீட்டுக்குத் திரும்பினேன். அதை யாரும் பார்க்கவில்லை என்று நினைக்கிறேன்.

அந்தப் பேச்சு மருமகள் காதுக்கும் போய்விட்டது. கறிக்கு வெங்காயம் உரித்துக்கொண்டே, தலை நிமிராமல் கேட்டாள். “அத்தை, வலி வந்தா அந்த வண்டிலதான போவணும்?”

“வேற எதுல போவ? துரையோட ஜீப்புலயா?”

“அது அந்த எடத்துல நின்னுட்டா?”

வெங்காயத்தில் கண் எரிகிறது என்று சொல்லிக்கொண்டு வெளியே வந்தேன். உரித்தது நானில்லை.

கிளினிக் நாள் வந்தது. மருமகளும் சம்பந்தியம்மாவும் பின்னால், நான் ஓரத்தில். மழை விட்டு ரோடு வழுக்கலாக இருந்தது. முனி வளைவில் மகன் நிறுத்திப் பொட்டு வைத்தான். ஏறி எடுத்தான். வண்டி ஒரு முழம் ஏறி, இருமி, அணைந்தது. மகன் பிரேக்கை மிதித்தான். சக்கரம் சுற்றவில்லை, ஆனாலும் வண்டி பின்னால் வழுக்கியது. பள்ளத்துப் பக்கம். ஆற்றுச் சத்தம் காதுக்குள்ளேயே கேட்டது.

நான் குதித்தேன். இந்த வயதில் குதித்தேன் என்று சொன்னால் நம்பமாட்டீர்கள், விழுந்து எழுந்தேன் என்று வைத்துக்கொள்ளுங்கள். கைக்குக் கிடைத்த கல்லைத் தூக்கிப் பின் சக்கரத்துக்கு முட்டுக் கொடுத்தேன். வண்டி கல்லில் மோதி, நடுங்கி, நின்றது.

“ஐயோ சம்பந்தி! அது சாமி கல்லு! தேங்கா ஒடைக்கிற கல்லு!” என்று சம்பந்தியம்மா உள்ளேயிருந்து கத்தினார்.

“இருக்கட்டும். அவரும் கொஞ்சம் புடிக்கட்டும்!”

மருமகள் கத்தவில்லை. இரண்டு கையாலும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு பள்ளத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பார்வையை இப்போது நினைத்தாலும் எனக்குச் சோறு இறங்காது.

கீழேயிருந்து ஏறி வந்த பஸ்ஸில் அவளையும் தாயையும் கிளினிக்குக்கு ஏற்றிவிட்டோம். வழியில் வந்தவர்கள் தள்ளிவிட, வண்டியைப் பெரிய ரோட்டுக்கு ஏற்றி, அங்கிருந்து இறக்கத்தில் உருட்டிக்கொண்டே மாத்தளைக் கராஜுக்குக் கொண்டுபோனோம். மெக்கானிக் ஒரு முஸ்லிம் ஆள். எல்லோருக்கும் அவர் பாஸ்தான். என்ஜின் தலையைக் கழற்றியவர் மகனைக் கிட்டக் கூப்பிட்டார்.

“யா அல்லாஹ். தம்பி, இது என்ஜினா, எண்ணெச் சட்டியா?”

எட்டிப் பார்த்தேன். உள்ளே எல்லாம் கறுப்பு. பலகாரம் சுட்ட சட்டியைக் கழுவாமல் மாதக்கணக்கில் வைத்தால் பிடிக்குமே, அந்த மாதிரிப் பிசினும் கரியுமாகக் கெட்டித்துக் கிடந்தது. புகை வெளியே போகிற ஓட்டையைக் காட்டினார். சுண்டுவிரல் போகாது.

“மூச்சு விட வழியில்ல இதுக்கு. எப்படி ஏறும்? எந்த ஒயில் ஊத்துற?”

மகன் கேனைக் கொடுத்தான். பாஸ் மூடியைத் திறந்து மோந்தார். முகத்தைச் சுளித்தார். ஒரு சிரட்டையில் கொஞ்சம் சரித்துப் பார்த்தார். ஒயிலோடு சேர்ந்து நூல் மாதிரி என்னவோ வழுக்கி விழுந்தது. மகனும் பாஸும் என்ஜின் பக்கம் திரும்பியபோது அதை எடுத்துப் பார்த்தேன்.

திரி. பழைய வேட்டியைக் கிழித்து முறுக்கி, வால் பக்கத்தில் சிவப்பு நூலால் ஒரு முடிச்சு. எங்கள் லயத்தில் யாரும் திரிக்கு முடிச்சுப் போடுவதில்லை. முடிச்சுப் போடுகிறவர் எங்கள் வீட்டில்தான் இருந்தார்.

திரியை இடுப்பில் செருகிக்கொண்டேன். எனக்கு எல்லாம் புரிந்துவிட்டது. வெள்ளிக்கிழமை விளக்கில் மிஞ்சுகிற எண்ணெய். ஆளாளுக்குக் கொண்டுவந்து ஊற்றுகிற தேங்காயெண்ணெய், நல்லெண்ணெய், வேப்பெண்ணெய், அதில் விழுந்த விபூதி, எல்லாம். வண்டிக்குக் காவலாக இருக்கட்டும் என்று அந்த மனுஷி கேனுக்குள் சேர்த்துக்கொண்டே வந்திருக்கிறார்.

“பாஸ், ஒரு பேச்சுக்குக் கேக்குறேன். தேங்கா எண்ண கலந்தா என்னா ஆகும்?” என்றேன்.

“இதுதான் ஆகும்,” என்று கரியைச் சுரண்டிக் காட்டினார். “அம்மா, டூ-டீ ஒயில் பெட்ரோலோட உள்ளுக்குப் போயி, பிஸ்டனத் தடவி, எரிஞ்சி, மிச்சம் வைக்காமப் போவணும். சமைக்கிற எண்ண போவாது. பிசினாகி ஒட்டிக்கிட்டு அங்கயே இருந்துக்கும். ஃபோர் ஸ்ட்ரோக் ஒயிலும் கூடாது, அதுவும் ஒழுங்கா எரியாது.”

மகனைப் புது ஒயில் வாங்க அனுப்பினார். அவன் கொண்டுவந்ததைத் திருப்பிப் பார்த்துவிட்டுக் கையில் கொடுத்தார்.

“இது படகு என்ஜினுக்குள்ளது. அது தண்ணியில குளிருற என்ஜின். ஒன்ட என்ஜினுக்குக் காத்துதான் குளிர்ச்சி. சூடு கூட. போயி மாத்து. போத்தலுக்குப் பின்னால ‘எஃப் சீ’ எண்டு எழுத்துப் போட்டிருக்கணும். சீல் ஒடைக்காததா எடு. பீப்பாயில அளந்து குடுக்கிறது வேணவே வேணாம்.”

“நம்ம மலையில பெய்யிற மழைக்குப் படகு ஒயிலும் ஒரு போத்தல் இருக்கட்டும் பாஸ்,” என்றேன்.

அவர் சிரித்துவிட்டு உடனே முகத்தை மாற்றிக்கொண்டார். “சிரிப்பு இல்லம்மா. கரிய எடுத்து, புது ரிங்கும் போட்டுத் தாரேன். ஆனா கொஞ்ச நாளைக்கு ஏத்தத்துல நிப்பாட்டி எடுக்க வேணாம். ரிங் புடிச்சுக்கிட்டா பிறகு நடு ரோட்டுலதான்.”

வண்டி வீட்டுக்கு வந்தது. வாசம் பழைய வாசம், குரல் பழைய குரல். அன்று மாலை மகனும் மருமகளும் வாசலில் இருந்தபோது அடுப்படியில் சம்பந்தியம்மா முன்னால் அந்தத் திரியை வைத்தேன்.

“ஒங்க சாமான் ஒன்னு மாத்தளைக் கராஜ் வரைக்கும் போயிட்டு வந்திருக்கு சம்பந்தி.”

அவர் திரியைப் பார்த்தார். மறுக்கவில்லை. அடுப்பில் விறகைத் தள்ளினார்.

“போன தடவ என் வீட்ல என் கையாலதான் அந்தப் புள்ளயத் துணியில சுத்துனேன்,” என்றார். “இந்தத் தடவ சாமிய அவளுக்கு முன்னால அனுப்பாம நான் எப்படி இருப்பேன்?”

“அதுக்காகச் சாமியப் புடிச்சு டேங்குல போட்டு எரிப்பீங்களா?”

“கேலி பண்ணாதீங்க. நான் எண்ண ஊத்தாம இருந்து, நாளைக்கு அவளுக்கு ஏதாச்சும் ஆனா? நீங்க பொறுப்பா?”

அவர் கண் என்னை விடவில்லை.

“நான் பொறுப்பு,” என்றேன்.

“சரி,” என்றார். அவ்வளவு சீக்கிரம் அவர் எதற்கும் சரி சொன்னதில்லை. அன்றைக்கே ஒயில் போத்தலைத் தகரப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டினேன். ஆனால் டேங்க் மூடியை எப்படிப் பூட்டுவது? அடுத்த வெள்ளிக்கிழமை மலையிலிருந்து வரும்போது பார்த்தேன். பனிக்குள் வண்டிக்குப் பின்னால் யாரோ குந்தியிருந்தார்கள். நான் இருமினேன். அவர் எழுந்து, கையை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டு, கோழியைத் தேடினேன் என்றார். எங்கள் வீட்டில் கோழி கிடையாது.

அதன் பிறகு வண்டி எடுக்கிற ஒவ்வொரு தடவையும் நான் வாசலில் நின்று புகையை மோந்தேன். ஒயில் நாயாகிவிட்டேன். பாஸ் சொல்லியும் மகன் முனியிடம் நின்றுதான் போனான், வெறும் வண்டியானதால் எப்படியோ ஏறியது. பீலியடியில் அதற்கும் சிரித்தார்கள்.

வலி எதிர்பார்த்ததற்கு முந்தியே வந்தது. மத்தியானம். மேகம் கீழே இறங்கி லயத்துக்குள்ளேயே நடந்துகொண்டிருந்தது. மருமகளை ஏற்றினோம். சம்பந்தியம்மா அவள் பக்கத்தில் ஏறினார். வலது கையை முந்தானைக்குள் வைத்திருந்தார். அந்தப் பக்கமிருந்து விளக்கெரிக்கிற எண்ணெயின் வாசம் வந்தது.

“டேங்குல ஊத்துனீங்களா?” என்று காதோடு கேட்டேன்.

அவர் உதடு அசைந்தது. மந்திரமா பதிலா தெரியவில்லை.

வண்டி ஏறியது. முன்னால் ரோடு தெரியவில்லை, வெள்ளைதான் தெரிந்தது. நான் வெளியே தலையை நீட்டிப் புகையை மோந்து பார்த்தேன். பனியில் மூக்கு உறைந்து ஒன்றும் பிடிபடவில்லை. வளைவு வந்தது. சூலம் பனிக்குள் முளைத்த மாதிரி நின்றது. மகன் பழக்கத்தில் வேகத்தைக் குறைத்தான்.

“நிப்பாட்டாத!” என்றேன்.

“அம்மா, முனி...”

“நிப்பாட்டுனா ஏறாதுன்னு பாஸ் சொன்னாருல்ல! போடா!”

“நிப்பாட்டாம யாரும் போனதில்லம்மா!”

“சாமி, வரும்போது நிக்கிறோம்! இப்ப வழி விடு!” என்று பாறையைப் பார்த்துக் கத்தினேன். என் குரல் பள்ளத்துக்குள் போய்த் திரும்பி வந்தது. வேறு யாரோ கத்துகிற மாதிரி இருந்தது.

மகன் கியரைக் குறைத்து முறுக்கினான். வண்டி ஒரு தடவை மூச்சை இழுத்தது. மருமகள் என் கையைப் பிடித்த பிடியில் வளையல் உடைந்தது. எங்கள் நாலு பேருக்கும் அந்த இடம் தெரியும். போன தடவை அணைந்த இடம். என்ஜின் சத்தம் மெலிந்தது. மெலிந்து, மெலிந்து, பிறகு எங்கிருந்தோ பலம் வந்த மாதிரி உறுமிக்கொண்டு ஏறியது. சூலம் பின்னால் போனது. பெரிய ரோடு வந்தது.

அப்போதுதான் சம்பந்தியம்மா முந்தானையிலிருந்து கையை எடுத்தார். கையில் ஒரு குட்டிப் போத்தல். முட்ட முட்ட எண்ணெய். மூடியைச் சுற்றி அவருடைய சிவப்பு நூல், அவிழ்க்காத முடிச்சோடு.

“மூனு வெள்ளிக்கெழம டேங்குக்கிட்ட போனேன்,” என்றார். “ஒங்க மூஞ்சி ஞாபகம் வந்துச்சு. ஊத்தல.”

“என் மூஞ்சிக்கு முனியே பயப்படுவாரு,” என்றேன். அவருக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. எனக்கு எது வந்தது என்று சொல்லமாட்டேன்.

ஆஸ்பத்திரியில் பெண் குழந்தை பிறந்தது. கத்திய கத்தில் வார்டே திரும்பிப் பார்த்தது. வீட்டுக்குக் கொண்டு வருகிற வழியில், பெரிய ரோட்டிலிருந்து கீழே இறங்கும்போது, முனியிடம் நின்றோம். இறக்கத்தில் நின்றால் வண்டிக்கு ஒன்றும் ஆகாது. கல்லை நானே கழுவி அதன் இடத்தில் வைத்தேன். சம்பந்தியம்மா நூலை அவிழ்த்துப் போத்தல் முழுவதையும் விளக்கில் ஊற்றினார். மகன் விரல் நுனியால் தொட்டு வண்டிக்கு ஒரு பொட்டு, பிள்ளைக்கு ஒரு பொட்டு வைத்தான்.

லயத்துக்கு வந்தால் பீலியடியே வாசலில் நிற்கிறது. நிற்காமல் போன சேதி எங்களுக்கு முந்தியே வந்துவிட்டது. எப்படி நிற்காமல் போனீர்கள், முனி விட்டுவிட்டாரா, ஒயிலை ஏன் பூட்டி வைத்திருக்கிறீர்கள் என்று ஆளுக்கு ஒரு கேள்வி. சம்பந்தியம்மா பிள்ளையை மார்போடு அணைத்துக்கொண்டு தலையைக் குனிந்தார். நான் ஒரு வார்த்தை உண்மை சொன்னால் போதும், அவர் சாகும்வரை பெற்ற மகளைப் பள்ளத்தில் தள்ளப் பார்த்தவள் என்றுதான் இந்த லயத்தில் பேர்.

நான் இஸ்தோப்பில் காலை நீட்டி உட்கார்ந்து, வெற்றிலையை மடித்துக்கொண்டு சொன்னேன்:

“முனி என் கனவுல வந்தாரு. மூஞ்சியெல்லாம் கரி. இருமிக்கிட்டே வந்தாரு. ‘அடியே கெழவி, என் விளக்கு எண்ணய எடுத்து எவளோ மெஷினுக்குள்ள ஊத்துறா, பொகையில என் கண்ணு அவிஞ்சி போச்சு, எனக்கு வளவுல காவல் இருக்க முடியல. என் எண்ண என் விளக்குக்கு, மெஷினுக்கு மெஷின் எண்ண. இனிமே கலந்தா நான் எந்திரிச்சுப் போயிருவேன்’னாரு. யாருன்னு பேரும் சொன்னாரு. பேர நான் சொல்ல மாட்டேன்.”

யாரும் சிரிக்கவில்லை. புல் வெட்டுகிற மெஷின்காரனின் பெண்சாதி, புருஷனைத் திரும்பிப் பார்க்காமல், மெல்ல எழுந்து வீட்டுக்குள் போனாள். அவளுக்குப் பின்னால் இன்னொருத்தியும் போனாள். இரண்டு வீட்டுக்குள்ளிருந்தும் கேன் மூடி திறக்கிற சத்தம் கேட்டது.

“மிச்சம் இருக்கிறவங்களும் போயிப் பாருங்க,” என்றேன். “என்னையப் பாக்காதீங்க, கனவு இன்னும் முடியல.”